காயாத மூலை

ஜொஹானா கின்னேன் துவைத்த படுக்கை விரிப்புகள் ஒரு மூலையில் மட்டும் காய்வதில்லை. ஆங்கிலேயர் தம் கைதிகளைக் கப்பலேற்றி அனுப்பிய வான் டீமன் தீவின் பெண்கள் சிறையில், அவளுடைய மகள் நோராவை ஒன்பதாம் மாதத்தில் பால் மறக்கடித்து அநாதை விடுதிக்கு அனுப்பிய மறுநாள் அது தொடங்கிற்று. கைதி பிள்ளை பெறுவது குற்றம். தண்டனை, ஆறு மாதம் சலவைத் தொட்டி. மலையிறங்கி வந்த பனிநீரில் முழங்கை தோய நின்றவளுக்குப் பால் கட்டி மார்பு கல்லாயிற்று. அவள் பிழிந்த விரிப்பின் மூலையிலோ இளஞ்சூட்டோடு பால் ஊறிற்று. ஈன்றவளிடம் ஊறுவது மகவின் வாயைத் தேடிப் போவது இயல்பே என்று பெண்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

விடுதித் துணிகளும் அங்கேதான் வெளுக்க வந்தன. வண்டிக்காரன் ஜெத்ரோ மூட்டையை இறக்கியபடி, "அங்க பிள்ளைங்க கொத்துக்கொத்தாச் சாவுது ஜொஹானா. உன் பொண்ணு மட்டும் துணி மூலையச் சப்பிக்கிட்டு கொழுகொழுன்னு கெடக்கா" என்றான். திரும்பி வந்த விரிப்பில் இரண்டு பற்களின் தடம் இருந்தது. மழை ஓய்வதற்குள் நான்காயிற்று.

ஆறு மாதம் முடிந்தது. நன்னடத்தைக்காரிகளுக்குத் தையல் கூடம் என்பது சிறை விதி.

"வெயில் வர்ற ஜன்னல், சூடாத் தேத்தண்ணி. நீ திருந்திட்டம்மா" என்றாள் மேற்பார்வை செய்யும் பிளாக்மோர் அம்மாள், மெய்யான கனிவோடு.

ஜொஹானா மைக்கூட்டை இரு கைகளாலும் எடுத்து, நன்னடத்தை ஏட்டின்மேல் நிதானமாகக் கவிழ்த்தாள். தலையை மழித்துத் தொட்டிக்கே திருப்பி அனுப்பினார்கள். பிறகொரு முறை ஜெபவேளையில் சீட்டியடித்தாள். இன்னொரு முறை பாதிரியாரின் தொப்பியில் கஞ்சி ஊற்றினாள்.

"மூணாவது மொட்டைடி இது. கம்பளி கத்தரிச்ச ஆடே உன்னப் பாத்துச் சிரிக்கும்" என்றாள் பக்கத்துத் தொட்டி எல்ஸ்பெத்.

"சிரிக்கட்டும் போ. எட்டுப் பல்லு மொளைச்சிருக்கு, பாத்தியாடி?"

இரண்டாம் பனிக்காலத்தில் விடுதியில் காய்ச்சல் பரவியது. ஒரு செவ்வாய்க்கிழமை வந்த விரிப்பின் மூலை அனுப்பியபடியே பால் கனத்து, பல் தடமின்றி இருந்தது. ஜெத்ரோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அந்த வாரம் ஜொஹானா ஒரு தவறும் செய்யவில்லை. அடுத்த வாரமும் செய்யவில்லை. கூந்தல் வளர்ந்தது. வெயில் வரும் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்த பிளாக்மோர் அம்மாள் கண்கலங்கி, "மனசு வச்சா திருந்த முடியாதா, சொல்லு?" என்றாள்.

"முடியுதும்மா" என்று ஜொஹானா ஊசியில் நூல் கோத்தாள்.

அந்தக் கடைசி விரிப்பு ஒன்பது கோடைகள் கொடியிலேயே கிடந்தது. மூலை காயவில்லை. துணி காயப்போடும் பெண்கள் அதற்கு மட்டும் இடம் விட்டு மற்றவற்றை உலர்த்தினார்கள்.