கியூட்டெக்ஸ் பூசிய கார்

ஒஸ்லோ வாகனப் பரிசோதனை நிலையத்தின் காத்திருப்பு அறையில் பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தன. நான் ஒன்றிலும் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கோப்பி ஊற்றும் மெசினுக்கும் நடுவே இருந்த எட்டடி தூரத்தைக் குட்டி போட்ட பூனை மாதிரி அளந்துகொண்டிருந்தேன்.

“தக்ஷா, ஒரு இடத்தில இரும். ஆக்கப் பொறுத்தனீர், ஆறப் பொறுக்கமாட்டீரோ?” என்றார் என் கணவர் குகநேசன்.

அவருக்கென்ன, சொல்லுவார். ஆக்கியது நான்.

வெளியே ட்ரெய்லரில் நின்றது என் கார். மஞ்சள் நிறம், இரண்டு பேர் இருக்கலாம், கூரை இல்லை, கதவு இல்லை. இங்கிலாந்திலிருந்து பதினான்கு பெட்டிகளில் துண்டு துண்டாக வந்ததை, விபத்தில் நொறுங்கிய பழைய கார் ஒன்றின் எஞ்சினோடு சேர்த்து மூன்று வருடமாக நான் பூட்டினேன். இன்று பரிசோதகர் ‘ஓம்’ என்றால் நம்பர் தகடு கிடைக்கும், நான் ஓட்டலாம். ‘இல்லை’ என்றால் அது ஒரு அடிகூடத் தெருவில் போகாது. வீட்டில் கட்டிய காருக்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. அதற்கு ஒரே நிபந்தனை, விண்ணப்பத்தில் பெயர் உள்ளவரே அதைத் தன் கையால் கட்டியிருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் இருந்த பெயர் குகநேசன்.

யாரையும் திட்டிப் பிரயோசனமில்லை, அந்தப் பெயரை எழுதியவளே நான்தான். பெட்டிகளை வரவழைத்த நாளில், பெயர் என்று கேட்ட இடத்தில் யோசிக்காமல் அவருடைய பெயரை அடித்தேன். எங்கள் வீட்டில் மின்சாரம் அவர் பெயரில் வரும், இன்சூரன்ஸ் அவர் பெயரில் வரும், கோயில் அர்ச்சனைச் சீட்டில்கூட அவர் பெயர்தான் முதலில் வரும். கை பழகிய வழியில் போய்விட்டது. பிறகு ஒவ்வொரு கடதாசியும் அந்த முதல் கடதாசியைப் பார்த்து வளர்ந்தது.

எனக்குச் சும்மா இருக்க வராது. மருத்துவமனையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவி, சரிபார்த்து, அவித்துப் பொதி கட்டுவது என் வேலை. மூன்றரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். மகள் ராகவி படிக்க ட்ரொண்ட்ஹைம் போன பிறகு, புருசெத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் சோபாவில் இருந்தால் வலது கால் தானாக ஆடத் தொடங்கும். யோகாவுக்குப் போ என்றார்கள், கோயில் மடைப்பள்ளிக்கு வா என்றார்கள். இரண்டுக்கும் போனேன், கால் ஆடியபடியே இருந்தது. ஒருநாள் ஹவுகெட்டோவில் என்னோடு வேலை செய்பவரின் வீட்டுக்குப் போனபோது, அவருடைய கராஜில் பாதி கட்டிய கார் ஒன்று நின்றது. அவர் ஒரு போல்டைக் கையில் தந்து, பூட்டிப் பார் என்றார். பூட்டினேன். கால் ஆடாமல் நின்றது. அவர் தன் காரை முடித்து வெளியே எடுத்ததும் அந்தக் கராஜை நான் வாடகைக்குப் பிடித்தேன்.

கட்டுபவர் வேலை செய்யும் படங்களும் சட்டத்துக்கு வேண்டும். எண்ணெய் பிரண்ட ஓவரோல் உடுப்போடு நான் காருக்குக் கீழே கிடக்கும் படம் நாலு பேர் கையில் போனால் கோயிலில் என்ன கதைப்பார்கள் என்று எனக்குப் பயம். படத்துக்கு அசையாமல் நிற்கவும் எனக்கு வராது. அதனால் சனிக்கிழமைகளில் இவர் வருவார். அயர்ன் செய்த வெள்ளைச் சேர்ட்டோடு ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் படம் எடுப்பேன். இருநூற்றுப் பதினான்கு படங்கள். அவற்றை வாட்சப்பில் கூட்டாளிமாருக்கு அனுப்பினார். ட்வெய்ட்டாவில் இருக்கும் சண்முகலிங்கம் அண்ணை இவரை ‘இஞ்சினியர்’ என்று கூப்பிடத் தொடங்கினார். முதலில் சிரித்தேன். ஒரு கலியாண வீட்டில் எனக்கு முன்னாலேயே நாலு பேருக்கு எஞ்சின் பூட்டிய கதையை இவர் சொன்னபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நோகாமல் நுங்கு குடிக்கிற மனிதர் என்று மனதுக்குள் திட்டினேன். வெளியே சொல்லவில்லை, ஏனென்றால் ஸ்பானரை அவர் கையில் கொடுத்தவளும் நான்தான்.

ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும், “இதில ஒண்டையாவது நான் உண்மையாப் பூட்டுறன், தாரும்,” என்று கேட்டார். கொடுத்தேன். முகம் சிவக்க ஏதோ பூட்டினார். அன்று எனக்குப் பின்னேர வேலை. படத்தை எடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடிவிட்டேன்.

“குகநேசன்?” என்று கதவைத் திறந்துகொண்டு கூப்பிட்டார் பரிசோதகர். ஓட்வார் என்று சட்டையில் பெயர் இருந்தது. அறுபது வயதிருக்கும், கண்ணாடியை ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

உள்ளே காரை உயர்த்தியில் ஏற்றியிருந்தார்கள். நிலத்தில் ஒரு மஞ்சள் கோடு. கட்டியவர் மட்டும் கோட்டைத் தாண்டி வரலாம் என்றார் ஓட்வார். இவர் தாண்டினார். என்னையும், தன் வான் வண்டியில் ட்ரெய்லரை இழுத்து வந்த சண்முகலிங்கம் அண்ணையையும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார் ஓட்வார். அண்ணை கைபேசியை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினார். நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

எஞ்சின் எங்கிருந்து வந்தது, கார் எத்தனை கிலோ, பிரேக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று ஓட்வார் கேட்டார். ஒரு கிழமையாகச் சமையலறை மேசையில் நான் சொல்லிக்கொடுத்ததை இவர் ஒன்றும் விடாமல் ஒப்புவித்தார். பதினெட்டு வருடமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர், நொர்வேஜிய மொழி தண்ணி மாதிரி வரும். தப்பினோம் என்று நினைத்தேன்.

ஓட்வார் ரோச் லைட்டை முன் சில்லுக்குப் பக்கத்தில் பிடித்தார். “இந்தச் சிவப்பு அடையாளம் என்ன? எல்லா போல்டிலும் இருக்கிறதே.”

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு போல்டைச் சரியான இறுக்கத்துக்குப் பூட்ட ஒரு ஸ்பானர் உண்டு. இறுக்கத்தின் அளவை அதில் குறித்து வைத்தால், அந்த இறுக்கம் வந்ததும் ‘க்ளிக்’ என்று சொல்லும். ‘க்ளிக்’ சொன்ன போல்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரு கோடு இழுப்பேன். போல்ட் பிறகு இளகினால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். மருத்துவமனையில் பார்த்து முடித்த பொதிக்கெல்லாம் அடையாளம் போட்டுப் பழகிய கை. கோடு இழுக்க ராகவி விட்டுப்போன, நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூட்டெக்ஸ் போத்தல்தான் கிடைத்தது. அது முடிந்து இன்னும் இரண்டு வாங்கினேன்.

இவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. “அது எங்கள் சமயம். புது வாகனத்துக்குக் குங்குமப் பொட்டு வைப்போம். கடவுள் காப்பாற்றுவார்,” என்றார்.

சரஸ்வதி பூசையன்று காரின் மூக்கில் நான் சந்தனமும் குங்குமமும் வைத்தது உண்மை. இந்த மனிதர் மூன்று வருடமாக என் கோடுகளையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்.

“ஒவ்வொரு போல்டுக்குமா?”

“எல்லாத்துக்கும்.”

“இறுக்கத்தையும் கடவுளா பார்க்கிறார்?” என்று கேட்டு ஓட்வார் பேனாவை எடுத்தார்.

எனக்கு விசர் ஏறியது. எப்போது கோட்டைத் தாண்டினேன் என்று தெரியாது. “பொட்டோ? அது பொட்டில்லையப்பா. இறுக்கிப் பார்த்த அடையாளம்,” என்று இவரிடம் தமிழில் சொன்னேன். பிறகு ஓட்வாரிடம் நொர்வேஜிய மொழியில் சொன்னேன். முன் சில்லுகளைப் பிடிக்கும் இரும்புக் கைகளுக்கு எவ்வளவு இறுக்கம், பிரேக்குக்கு எவ்வளவு, ஸ்டீரிங்குக்கு எவ்வளவு, எந்தக் கோட்டை எந்த மாதம் இழுத்தேன், எதைக் கழற்றி இரண்டாம் முறை பூட்டினேன். என் நொர்வேஜிய மொழி இவருடையதைப் போல இல்லை, இலக்கணம் தடுக்கி விழும். போல்டுகள் விழவில்லை.

ஓட்வார் மஞ்சள் கோட்டைக் காட்டி என்னைத் திருப்பி அனுப்பவில்லை. ரோச் லைட்டை என் கையில் தந்தார். கேள்விகளும் என் பக்கம் திரும்பின. காரை நிலத்துக்கு இறக்கியதும், நல்ல பஞ்சாபி உடுப்போடு நிலத்தில் சரிந்து இருக்கைகளுக்குக் கீழே ஒவ்வொன்றாகக் காட்டினேன். மூன்று வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்விகள் அவை. பயத்தின் நடுவிலும் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

பக்கத்து இருக்கையின் பெல்ட்டைப் பிடிக்கும் போல்டில் ஓட்வாருடைய விரல் நின்றது. அதில் கோடு இல்லை. ஸ்பானரை வைத்துத் திருப்பினார். அரைச் சுற்று சும்மா சுற்றியது.

“இதைப் பூட்டியது யார்?”

நான் என்று சொன்னால் என் வேலை பழுது. இது மட்டும் இவர் பூட்டியது என்று சொன்னால், மிச்சமெல்லாம் நான் என்றாகி விண்ணப்பம் பொய். இரண்டில் எதைச் சொன்னாலும் கார் போச்சு. இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லுங்கோ, ஒருக்கால் வாயைத் திறந்து சொல்லுங்கோ என்று உள்ளுக்குள் கத்தினேன். அந்த ஒரு நிமிடம் என் கால் ஆடவில்லை, கை ஆடவில்லை. இருபத்துமூன்று வருடக் குடித்தனத்தில் இவருக்காக நான் அசையாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

“நான்,” என்றார் குகநேசன், நொர்வேஜிய மொழியில். “இந்தக் காரில் நான் பூட்டியது இது ஒன்றுதான். மிச்சம் முழுவதும் என் மனைவி.”

வீடியோ பிடித்த கை கீழே இறங்கியது. இவர் அந்தப் பக்கம் திரும்பினார். “நிப்பாட்டாதேங்கோ அண்ணை, இதையும் எடுங்கோ. காரைக் கட்டினது தக்ஷா. நான் படத்துக்கு நிண்டனான்.”

இவருடைய காது சிவந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. கோபமும் முழுதாகப் போகவில்லை.

ஓட்வார் கோப்பைத் திறந்து வெள்ளைச் சேர்ட் படங்களைப் புரட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். இன்று அனுமதி இல்லை என்றார். காரில் அந்த ஒரு போல்ட்தான் குறை, மிச்சக் குறையெல்லாம் கடதாசியில். கட்டியவரின் பெயரில் புது விண்ணப்பம் வேண்டும், வேலை செய்யும் அவருடைய படம் வேண்டும், முதல் விண்ணப்பத்தில் பெயர் உள்ளவர் நடந்ததை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். “பனி விழமுன் வாருங்கள். உங்களிடம்தான் கேட்பேன்,” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பும் வழியில் ஹவுகெட்டோவுக்குக் கிட்ட வந்ததும் சண்முகலிங்கம் அண்ணை தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி, பிரேக் பிடிக்கேக்கை இந்த வான் ஒரு மாதிரிக் கத்துது. கேட்டனீரோ?”

“காலமை வரேக்கையே கேட்டனான் அண்ணை. பின் இடது சில்லு. இண்டைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கோ.”

கராஜுக்குள் காரைத் தள்ளிவிட்டதும் நான் ஓவரோலைப் போட்டுக்கொண்டு பக்கத்து இருக்கைக்குள் தலையைக் கொடுத்தேன். நாளை வரை பொறுக்க என்னால் முடியாது. அந்த போல்ட் ‘க்ளிக்’ சொன்னது. கியூட்டெக்ஸ் போத்தலைத் திறந்து கோடு இழுத்தேன். இவர் கைபேசியோடு பின்னால் குனிந்து நின்றார்.

“இஞ்சை பாரும். அசையாதையும்.”

“வேலை செய்யிற ஆளைத்தான் எடுக்கச் சொன்னவர். நிக்கிற ஆளை எடுத்தது காணும்.”

பத்துப் படம் எடுத்தார். ஒன்பதில் என் கை புகை மாதிரிக் கலங்கியிருந்தது, ஒன்றில் மட்டும் விரலும் கோடும் தெளிவாக விழுந்திருந்தன. அதைக் கூட்டாளிமாரின் வாட்சப்புக்கு அனுப்பட்டோ என்று கேட்டார். ஓவரோலைக் குனிந்து பார்த்தேன், முழங்கால் வரை எண்ணெய். அனுப்புங்கோ என்றேன்.

பிறகு ரயர் ஒன்றின் மேல் இருந்து, மடியில் கடதாசியை வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்தார்.

“என்னெண்டு எழுதுறது தக்ஷா?”

“அங்கை சொன்னதையே எழுதுங்கோ.”

“ஒரு போல்ட் பூட்டினனான் எண்டதையும் எழுதட்டோ?”

“எழுதுங்கோ,” என்றேன், அடுத்த போல்டைத் தடவிப் பார்த்தபடி. “அது இளகியிருந்தது எண்டதையும் எழுதுங்கோ.”