பேனாவில் வராத வரி

...இல்லை, இதுவும் அவன் சொல்ல நினைத்தது இல்லை, 'ஆண்டவன் சித்தம், மனதைத் தேற்றிக்கொள்' என்று இருக்கிறது, எழுதியது தேசப்பனின் கைதான், ஆனால் அத்திப்பட்டு உப்பளத்துக் கணக்குப்பிள்ளை இரவல் கொடுத்த ஊற்றுப்பேனா அல்லவா, தாளில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, ஊரார் கடிதத்து வாசகமெல்லாம் தானே வந்து உட்கார்ந்துகொள்கிறது... பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது, மனைவி செண்பகம் பிழைத்துக் கும்மிடிப்பூண்டியில் தாய் வீட்டில் கிடக்கிறாள், இன்னா மூஞ்ச வெச்சிகினு அந்த ஊட்டுக்கு வர்றது என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். அவளுக்கா ஆண்டவன் சித்தம்? படித்துவிட்டு மடித்து வைப்பாள், வரமாட்டாள். அடித்து எழுதலாமென்றால், மையில் அடித்தது தெரியும், எதை மறைத்தான் என்று குமைவாள்... அந்தப் பயத்தில்தான் கை தப்பே வராத வார்த்தையாகத் தேடுகிறதோ?

பேனாவை மூடிவிட்டுச் சிலேட்டை எடுத்தான். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு இராப்பள்ளியில் அவனும் அவளும் எழுத்துப் பழகிய சிலேட்டு. உப்பு வாரி வாரி வெடித்த விரலுக்குப் பல்பம்தான் பிடி கொடுக்கிறது, அழுத்தினால்தான் எழுத்து விழும், மணிக்கட்டு விண்விண்ணென்று வலிக்கும், வலிக்கிறபோது வீண் வார்த்தைக்கு மனசு வருமா? 'வருந்தாதே' எழுதினான், எச்சில் தொட்டு அழித்தான். 'விதி'... அதையும். சேதி வந்த அன்று, அவ எப்படிக்கீறா என்றுதானே முதலில் கேட்டான், இருக்கிறாள் என்றதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டானே, பிள்ளைக்கு அழுதது அப்புறம்தானே... 'நீ இருக்கிறாய். எனக்கு அது போதும். வா.' கை நின்றது. அழிக்கத் தோன்றவில்லை. இத்தனை முறை அழிக்க விட்ட இந்தக் கல்லுக்குக் கோடி கும்பிடு.

தாளில் பார்த்து எழுதினால் பேனா நாலு வார்த்தை சேர்த்துவிடும்... சாயங்காலப் பாசஞ்சரில் கும்மிடிப்பூண்டிக்குப் போகிற உடன்வேலைக்காரன் தானியேலிடம் சிலேட்டையே நீட்டினான்.

"இன்னாண்ணே, இந்த வயசுல என்ன இஸ்கோலுக்கு அனுப்புறியா?"

"கை படாம எத்துகினு போடா. அழிஞ்சிது, தோல உரிச்சிருவேன்."

"அண்ணி கையில குட்த்துட்டுதான் கீழ எறக்குவேன், போ."

சொன்னபடியே சீர்த்தட்டு ஏந்துகிறவன் போல ஏந்திக்கொண்டு வண்டி ஏறினான். வண்டி நகர்ந்த பிறகுதான் தேசப்பனுக்கு உறைத்தது, சிலேட்டில் கீழ்ப்பாதியை ஏன் காலியாக விட்டான், இடம் இருந்ததே... இராப்பள்ளியில் மேல்பாதி அவனுக்கு, கீழ்ப்பாதி அவளுக்கு, அந்தப் பழக்கத்தில் கை தானாக நின்றிருக்கிறது, அப்படியானால் அவளும் அங்கே எழுதுவாளோ, எழுதப் பல்பம்... அது இவன் கையிலேயே இருந்தது.