கூழில் விழுந்த வைரம்

வைரம் என்றால் மூக்கில் மின்னும் கல். முற்றிய மரத்துக்குள் இறுகிக் கிடப்பதும் வைரம். ஆறாத பகையும் வைரம்தான். அதை மட்டும் எந்த அடகுக்கடையிலும் வாங்க மாட்டார்கள். பாகூர் கலியம்மாளிடம் அது ஏராளமாக இருந்தது.

காரணம், மேல்நிலத்துக்காரர் மணவாளன். ஏரி வாய்க்காலின் குறுக்கே வரப்புப் போட்டு, போன வருஷம் அவள் நெற்பயிரைக் காயவிட்டார். இந்த வருஷமும் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் அதே வரப்பு. பிரெஞ்சுக்காரன் காலம், ஊராட்சித் தலைவரான கொம்யூன் மேர் மணவாளனுக்கு மச்சான். அங்கே போய் அழுது பயனில்லை.

ஆடிக் கூழ் ஊற்றும் நாள் வந்தது. மாரியம்மன் கூழைப் பகையாளி ஊற்றினாலும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. கலியம்மாள் நீட்டிய சொம்பை மணவாளன் ஒரே மூச்சில் குடித்தார். அவள் மூக்கைத் தடவினாள்.

“கல்லக் காணமே, அண்ணே.”

“இன்னா கல்லு?”

“வைரந்தான். செத்துப்போன எம்புருசன் சைகோன்லேந்து கொண்டாந்தது. உன் சொம்புலதான் வுழுந்திருக்கணும். வழுவழுன்னு எதுனா எறங்குச்சா?”

வைரத்தை விழுங்கினால் குடல் நூல் நூலாக அறுந்துபோகும் என்பது எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். மணவாளன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் கூழுக்கு நின்ற நான் அவர் வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். வளையல் கடையில் எலி ஓடுகிற சத்தம். அவர் விட்ட ஏப்பத்தில் என் வேட்டி ஒரு முழம் கிழிந்தது.

“பொழைக்க வழி இருக்கா, தங்கச்சி?”

“குனிஞ்சு நிமிந்து மம்முட்டி போட்டா, கொடல அறுக்காம எறங்கிடுமாம். எங்க வெட்டுவியோ, உன் இஷ்டம். அந்த வரப்பு கிட்டத்தான் இருக்கு.”

ஊரே பார்க்க, மேரும் பார்க்க, தான் போட்ட வரப்பைத் தானே வெட்டினார். தண்ணீர் கலியம்மாள் நிலத்துக்குள் பாய்ந்தது.

நான் அவளிடம் மெதுவாகக் கேட்டேன். “வைரம் போச்சேடி?”

“அது போன வருசமே போச்சு, மாமா. நெல்லு காஞ்சப்ப வித்துத் தின்னேன். இது கண்ணாடி. முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கேன்.”

“ஆளு செத்துடப் போறான். சொல்லிடு.”

“அறுப்பு முடியட்டும்.”

வியர்வை வழிய மணவாளன் நிமிர்ந்தார். “எறங்கிடுச்சா, தங்கச்சி?”

கலியம்மாள் அவர் வயிற்றைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

“பாதி வழில நிக்குதுண்ணே. எங்கழனி வரைக்கும் வாய்க்கால தூர் வாரிப் பாரு.”