மேலேயிருந்து கிழிய வேண்டிய திரை

பந்தல் துணி தைக்கிறவள் பந்தலுக்குள் நிற்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. தாலியறுத்தவள் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். நான் இரண்டும். பழனிசெட்டிபட்டியில் சண்முகராஜின் பந்தல் கடைக்குப் பதினோரு வருடமாகத் தைக்கிறேன். முகூர்த்த நேரத்தில், நான் தைத்த துணிக்கு வெளியே சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கிக்கொள்வேன். மாசியில் என் மகள் ராஜாத்திக்கு வீரபாண்டியில் கல்யாணம் வைத்திருந்தோம். கொழுந்தன் மொக்கைச்சாமியும் அவன் பெண்டாட்டியும் என் இடத்தில் பந்தலில் நின்று தாரை வார்ப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய தலை மேல் எனக்கே ஆத்திரம் தீரவில்லை.

அப்போதுதான், 2003 தை மாதம், பெரியகுளத்துப் பாஸ்டர் ஒருவர் கடைக்கு வந்தார். சபையின் கன்வென்ஷன் கூட்டத்தில் நாடகம் போட, பைபிளில் வரும் துணிக்கோயில், ஆசரிப்புக் கூடாரம் வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் முழக்கணக்கு எழுதி வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார்கூட இத்தனை கறார் கிடையாது.

அவர் தாளில் நீலமும் சிவப்புமாக வரைந்திருந்த ஒரு திரையைக் காட்டி, "இதுக்கு நடுவுல வழி எங்கன விடட்டும்?" என்றேன்.

"வழி விடாதீகக்கா. அதுக்கு அங்கிட்டு ஆண்டவரோட சந்நிதி. பிரதான ஆசாரியர் மட்டும் வருசத்துக்கு ஒருக்கா, பலி ரத்தத்தோட ஓரமா நுழைஞ்சு போவாக."

"மத்தவுக போனா?"

"செத்துருவாக."

எங்கள் ஊரில் முகம் சுளிப்பதோடு விட்டுவிடுகிறார்கள், பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் முடிக்கவில்லை. இயேசு சிலுவையில் உயிர் விடும்போது அந்தத் திரை இரண்டாகக் கிழிய வேண்டுமாம். இரண்டு துண்டாக வெட்டி நடுவில், இழுத்தால் பிரியும்படி இளந்தையல் போடச் சொன்னார். மேல்முனையில் இரண்டு கயிறு கட்டி ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்களாம்.

"கீழ இருந்து இழுத்தா லேசாக் கிழியுமே ஐயா."

"மேல இருந்துதான் கிழியணும். கீழன்னா மனுசன் கிழிச்சதாப் போயிரும். மேல இருந்துன்னா ஆண்டவரே கிழிச்சது. இனிமே யாரும் உள்ள வரலாம்னு அர்த்தம்."

"யாருமா?"

"யாரும்."

நான்கு நாள் அந்த ஒரு வார்த்தை என்னைக் குடைந்தது. அளவு பார்க்க அவர் வரும்போதெல்லாம் கேட்டேன். நோயாளி? வரலாம். வேற சாதி? வரலாம். கடைசியில் ஊசிக்கு நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டு, "தாலியறுத்தவ?" என்றேன். "அவுகளுந்தான்" என்று சொல்லிவிட்டுக் கம்பத்தை அளக்கப் போய்விட்டார். இவ்வளவு சுளுவாகச் சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கன்வென்ஷனின் கடைசி நாள் சாயங்காலம் மைதானம் நிரம்பிவிட்டது. துணியைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நான் வழக்கம்போல் கூடாரத்துக்குப் பின்னால் நின்றேன். சிலுவையில் இருந்தவர் தலை சாய்ந்தது. தகரத்தைத் தட்டி இடி முழக்கினார்கள். கயிற்றை இழுத்தார்கள். திரை கிழியவில்லை.

மறுபடி இழுத்தார்கள். கம்பம்தான் ஆடியது. பாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழக்க தோஷம்! தையலின் மேல்முனையில் மிஷினை முன்னும் பின்னும் மூன்று தடவை ஓட்டி இறுக்கியிருக்கிறேன். கல்யாணப் பந்தல் காற்றில் பிரியாமல் இருக்க அப்படித்தான் செய்வேன்.

இடுப்பில் கத்தரி இருந்தது. யோசிக்க நேரமில்லை. சந்நிதிக்குள் நுழைந்தேன். ஆண்டவரின் பெட்டி என்று வைத்திருந்த, தங்கப் பெயிண்ட் அடித்த பிளைவுட் பெட்டியைச் சுற்றிப் போய் கம்பத்தில் சாய்த்திருந்த ஏணியில் ஏறினேன். இறுக்கிய தையலை வெட்டினேன். துணி உச்சியிலிருந்து அடி வரைக்கும் சரசரவென்று பிரிந்து இரண்டு பக்கமும் போய்விட்டது.

வெளிச்சம் முகத்தில் அடித்தது. எதிரே அத்தனை ஜனம். நான் வெறுங்கழுத்தோடு, கையில் கத்தரியோடு, நட்டநடு சந்நிதியில் நிற்கிறேன். ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. முன்வரிசையில் சிலர் கைகூப்பினார்கள். எனக்கு இல்லை என்று தெரியும். பெட்டி பிளைவுட் என்றும் தெரியும். இருந்தும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இறங்கப் போனேன்.

"இறங்காதீகக்கா. அங்கனயே நில்லுங்க" என்றார் பாஸ்டர். நின்றேன்.

விடிந்ததும் மொக்கைச்சாமி வீட்டுக்குப் போனேன்.

"தம்பி, கல்யாணத்துக்கு நேரத்தோட வந்து முன்னால உக்காருங்க. எம்மகளுக்குத் தாரை நானே வாக்குறேன்."

அவன் பெண்டாட்டி கேட்டாள்: "ஊரு என்னக்கா சொல்லும்?"

"தெரியல தாயி. பந்தலுக்கு உள்ள நின்னு கேட்டுப் பாக்குறேன்."