மூன்று நாள் ஈரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம், ஆவணியில் ஒரு திங்கட்கிழமை மழை கொட்டித் தீர்த்தது. உசிலம்பட்டிக்கு மேற்கே நல்லகாமனின் இரண்டு குறுக்கம் மானாவாரி நிலமும் நன்றாக நனைந்தது. அந்த மண்ணில் ஈரம் மூன்று நாள் நிற்கும். அதற்குள் விதைக்காவிட்டால் அந்த வருஷம் வீட்டில் அடுப்பு எரியாது. ஊரே ஏர் பூட்டியது. நல்லகாமன் யோசிக்க உட்கார்ந்தான்.

பருத்தி போட்டால் போன வருஷம் மாதிரி விலை விழலாம். சோளம் போட்டால் குருவி தின்னலாம். தின்னாவிட்டால் விளையும், விளைந்தால் எல்லோருக்கும்தான் விளையும், அப்புறம் யார் வாங்குவது? பருத்தி விலை ஏன் விழுந்தது? சீமையில் மில்லை மூடிவிட்டார்களாம். ஏன் மூடினார்கள்? செவ்வாய்க்கிழமை முழுக்க, அவன் சீமை மில்லைத் திறக்க வழி தேடிக்கொண்டிருந்தான்.

"வெத வீட்டுல இருக்கு, நெலம் காட்டுல இருக்கு. நீ எங்கயா இருக்க?" என்றாள் அவன் பெண்டாட்டி தங்கப்பொண்ணு.

புதன்கிழமை கருப்பசாமி கோயிலுக்குப் பூக்கட்டிப் பார்க்கப் போனான். பூசாரி விருமாண்டி வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டார். நல்லகாமன் ஒன்றை எடுத்துப் பிரித்தான். வெள்ளை. பாதி வழி வந்தபிறகுதான் உறைத்தது: வெள்ளை எதற்கென்று நினைத்தோம்? பருத்தியும் வெள்ளை, சோளமும் வெள்ளை.

வியாழக்கிழமை மறுபடி கிளம்பினான். "செவப்புன்னா பருத்தி, வெள்ளைன்னா சோளம்" என்று வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனான். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"நேத்துத்தானண்ணே கேட்டீக?" என்றார் விருமாண்டி.

"சாமி சரியாத்தான் சொல்லுச்சு. எனக்குத்தான் கேள்வி மறந்துபோச்சு."

"அப்ப சாமிக்கு மட்டும் ஞாபகம் இருக்கணுமாக்கும்."

சிவப்பு வந்தது. பருத்திதான். நல்லகாமன் ஓட்டமும் நடையுமாகக் காட்டுக்கு வந்தான். பக்கத்துக் காட்டுப் பேயாண்டி தன் ஏரால் இவன் காட்டில் கடைசிச் சால் உழுதுகொண்டிருந்தான். பின்னாலேயே தங்கப்பொண்ணு விதை போட்டுக்கொண்டு வந்தாள். குனிந்து பார்த்தான். சோளம்.

"சாமி என்னயா சொல்லுச்சு?" திரும்பாமலே கேட்டாள். பேயாண்டி மாட்டை நிறுத்திவிட்டு அவன் வாயைப் பார்த்தான்.

"சோளம்தான்னு சொல்லிருச்சு."

மூன்று நாளில் அவன் யோசிக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

"வெவரமான சாமி," என்று சொல்லி, மிச்ச விதையோடு பெட்டியை அவன் கையில் கொடுத்தாள் தங்கப்பொண்ணு.