வாய்க்கசப்பு

தம்பி செத்த நாளிலிருந்து அம்மாவுக்கு வாய் கசந்தது. சுமை ஏற்றிப் போன வண்டி பாலத்தில் கவிழ்ந்து, பெற்ற பிள்ளை துணியில் சுற்றி வீட்டுக்கு வந்தால் எந்தத் தாய்க்குத்தான் வாய் இனிக்கும்? நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாதங்கள் போயும் கசப்பு போகவில்லை. "இரும்பை நக்குன மாதிரி இருக்கு" என்பாள். ஒரு வாய் மென்றுவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "சுருக்குனு ஷாக் அடிக்குதுடி" என்பாள். தட்டை அப்படியே தள்ளி வைத்துவிடுவாள். பூசின மாதிரி இருந்த உடம்பு வற்றி, வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. அப்பா மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். மாத்திரையில் தூக்கம் வந்தது, பசி வரவில்லை. எடை இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஊட்டவேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு சாவு விழுந்த வீட்டில் இன்னொன்றும் விழுந்துவிடுமோ என்று பயந்தேன்.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அது என் பிறவிக்குணம். கடிகாரக் கடையில் பழுது பார்க்கும் மேஜை என்னுடையது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் நாள் முழுக்கத் தன்மையாகப் பேசிவிட்டு வீடு திரும்பும்போது தன்மை எல்லாம் தீர்ந்துபோயிருக்கும்.

"அவன் எனக்கும் தம்பிதாம்மா. நான் சாப்பிடலையா?"

"உனக்கு ஷாக் அடிக்குதா?"

"இல்ல."

"அப்பப் பேசாத."

அம்மாவின் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தபோது அதற்குத் தங்க உறை போட்டுவிட்டவன் தம்பிதான். வெள்ளை உறையே போதும் என்றாள் அம்மா. அவன் கேட்கவில்லை. "கழுத்துல போட்டா கழட்டி எனக்கே செலவு பண்ணிடுவ. வாயில போட்டா நீ என்ன பண்றன்னு பாக்கறேன்" என்றான். அன்றைக்கு முழுக்க அம்மா தெருவில் போகிறவர்களைக்கூட நிறுத்தி, கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்து காட்டினாள். மறுநாள் வேலைக்குப் போனவன் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பல்லை யார் நினைத்தார்கள்?

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அம்மா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். உதட்டோரம் நூல் மாதிரி ஏதோ தொங்கியது. எச்சில் என்று நினைத்துத் துடைக்கப் போனேன். இழுத்தால் நீளமாக வந்தது. பழைய படுக்கை விரிப்பிலிருந்து கிழித்து மடித்த ஒரு துண்டுத் துணி.

அம்மா விழித்துக்கொண்டாள். திருட்டுத்தனம் பிடிபட்ட முகம்.

"இது என்னம்மா கூத்து?"

"பல்லுக்கு நடுவுல வெச்சுக்குவேன். வெச்சா ஷாக் அடிக்கல. தூங்க முடியுது."

எனக்குச் சுரீரென்று ஏறியது. சாப்பாட்டுக்குத் திறக்காத வாயில் கந்தல் துணியா? கத்துவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றேன். துக்கம் துணிக்கா அடங்கும்? துணியை வைத்தால் நிற்கிறது, எடுத்தால் அடிக்கிறது என்றால் அது மனசு செய்கிற வேலை இல்லை.

புதுக் கடிகாரம் வரும்போது பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாடாவைச் செருகியிருப்பார்கள். அது இருக்கும்வரை கடிகாரம் பிணம் மாதிரிக் கிடக்கும். உருவினால் ஓடத் தொடங்கும். அந்த நாடாவை உருவிக் குப்பையில் போடுவது என் தினசரி வேலை. அம்மா துணியில் அதைச் செய்து வைத்திருக்கிறாள்.

"வாயைத் தெற" என்றேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே தங்க உறை. அதற்கு நேர் கீழே, என் சின்ன வயதில் அவள் சொத்தைப் பல்லில் அடைத்துக்கொண்ட வெள்ளிப் பூச்சு, சாம்பல் நிறமாக. வாயை மூடினால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த, பேட்டரி பார்க்கும் மீட்டரின் முனைகளை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். ஒன்றைத் தங்கத்தில் வைத்தேன், மற்றதைப் பூச்சில். எண்கள் எழும்பின. புதுக் கடிகார பேட்டரி காட்டுவதில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். மீட்டரே தவறோ என்று மறுபடி வைத்தேன். மறுபடியும் அதே அளவு.

அப்பா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா அது?" என்றார்.

"பேட்டரிப்பா. ரெண்டு வேற வேற உலோகம், நடுவுல உப்பு ஈரம். அவ்வளவுதான் வேணும். எச்சில்ல உப்பு இருக்குல்ல? ஒரு உலோகம் சீக்கிரம் கரையற ஜாதி, இன்னொண்ணு கரையாத ஜாதி. கீழ இருக்கற பூச்சு கொஞ்சம் கொஞ்சமா கரையுது. கரையறப்ப வர்ற மின்சாரம், ரெண்டும் தொட்டவுடனே பூச்சுலேருந்து தங்கத்துக்குப் பாயுது. பல்லு நரம்புக்கு அது தெரியுது. கரைஞ்சதுதான் நாக்குல கசக்குது."

"தங்கம்?"

"தங்கத்துக்கு ஒண்ணும் ஆகல. அது பாட்டுக்கு ஜம்முனு உட்காந்திருக்கு."

அம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அப்ப நான் பொய் சொல்லலைல்ல?" என்றாள். இத்தனை மாதமும் அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பல் மருத்துவர் என் மீட்டரைப் பார்த்துச் சிரித்தார், ஆனால் கேலி செய்யவில்லை. இப்படி நடப்பது உண்டு என்றார். பெரும்பாலும் கொஞ்ச நாளில் தானாக அடங்கிவிடும், சிலருக்கு அடங்காது. அம்மா உடனே வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"தங்கத்தை எடுக்க விடமாட்டேன், டாக்டர். எம் புள்ள போட்டது."

"எடுக்க வேண்டாம்மா. ரெண்டுல ஒண்ணு இல்லாட்டி போதும், பேட்டரி செத்துடும். கீழ இருக்கறதை எடுத்துட்டு வெள்ளைச் சிமெண்ட் வைக்கறேன். அது உலோகம் இல்ல."

அன்றே வைத்தார். ஷாக் அந்த நிமிஷமே நின்றது. கசப்பு இன்னும் சில நாள் இழுத்துக்கொண்டு கிடந்து, பிறகு போய்விட்டது. போய்விட்டது என்று அம்மா சொல்லவில்லை, சாப்பாட்டு மேஜையில்தான் எனக்கு அது தெரிந்தது. உருளைக்கிழங்கை மிளகு தூவி வறுத்திருந்தேன். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். இன்னொன்று எடுத்தாள். தட்டு காலியானதும் என் பக்கம் நீட்டினாள். நான் வாயெல்லாம் பல்லாக அள்ளி வைத்தேன். பெரிய மருத்துவரால் முடியாததை என் மீட்டர் முடித்துவிட்டது என்ற கர்வம் எனக்கு.

பாதியில் அம்மா நிறுத்திவிட்டாள்.

"மறுபடி அடிக்குதா?" என்றேன் பதறி.

"இல்ல. ருசியா இருக்கு."

"அப்பறம் என்ன?"

"வாய் கசந்தப்ப எல்லாம், சரி, பெத்த வயிறு இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். அவன் போயும் என் வாய்க்குள்ள இருக்கான்னு நெனச்சேன்." அவள் குரல் உடைந்தது. "அது பூச்சுன்னு சொல்லிட்ட. இப்ப ருசியா இருக்குடி. அவன் இல்ல, உருளைக்கிழங்கு ருசியா இருக்கு. நான் என்ன பொம்பள? டாக்டர்கிட்ட சொல்லி அந்தப் பழசையே திரும்ப வெக்கச் சொல்லு."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

அப்பாதான் பேசினார், தட்டைப் பார்த்துக்கொண்டே. "எனக்கு ஆரம்பத்துலேருந்தே ருசியாத்தான் இருந்துச்சு."

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"அவனை எடுத்துட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுல சாப்பாடு குடுத்தாங்க. அதுகூட ருசியா இருந்துச்சு. அவங்க வீட்டுப் பின்பக்கம் போய் நின்னு, ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யார்கிட்ட சொல்றது?"

அம்மா அப்பாவிடம் நேராகப் பேசியே மாதங்கள் ஆகியிருந்தன. அதையும் நாங்கள் துக்கத்தோடு சேர்த்துத்தான் வைத்திருந்தோம்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "சன்னல் வழியாப் பாத்தேன். அதுலேருந்து உங்க மூஞ்சில முழிக்கவே பிடிக்கல."

அப்பா தலையைத் தூக்கவில்லை.

அம்மா தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்தாள். ஒரு துண்டை எடுத்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருக்க, அதை வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

"இப்ப நானும் சாப்பிட்டுட்டேன்" என்றாள் அவரிடம்.