பழைய போனுக்குள் பழைய போன்

…அப்படியானால் பழைய போனுக்குள் ஒரு பழைய போன், அதற்குள் இன்னொரு பழைய போன், உரித்துக்கொண்டே போகலாம் போலிருக்கிறது, கண்ணில் தண்ணீர்கூட வருகிறது, அது திரையை உற்றுப் பார்த்ததால், வேறெதற்கும் இல்லை… ஒவ்வொரு முறை போன் மாற்றும்போதும் எழுதி வைத்த குறிப்புகளையெல்லாம் அள்ளி ‘பழைய போன்’ என்று ஒரு ஃபோல்டரில் போட்டேன், அடுத்த முறை அந்த ஃபோல்டரையும் சேர்த்து அள்ளினேன், மூளை உள்ளவன் செய்கிற வேலையா இது, ஆனால் நான் பல்செட் செய்கிறவன், எங்கள் தொழிலில் புது அச்சு எடுத்தாலும் பழைய அச்சை உடைக்கக் கூடாது, வாய் மாறிக்கொண்டே இருக்கும், எது எப்போது தேவைப்படும் என்று யார் கண்டார்கள், அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள், அந்தத் தாடைகளுக்குச் சொந்தக்காரர்களில் சிலர் போய்ச் சேர்ந்தும் விட்டார்கள், பற்கள் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கின்றன… அதே புத்தியைப் போனிலும் காட்டியாயிற்று. இப்போது போன் முதுகு வீங்கி மேசைமேல் கிடக்கிறது. பேட்டரி உப்பிடுச்சு சார், இன்னைக்கோ நாளைக்கோ, வேண்டியதை மட்டும் எடுத்து வச்சுக்குங்க என்றார் கடைக்காரர், ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற குரலில். வேண்டியதை மட்டுமாம். அது தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

குறிப்புகள் லேப்டாப்புக்கு ஏறுவதைக் காட்டும் நீலக் கோடு நகர்கிறது, கொஞ்சம் நகர்ந்துவிட்டு யோசிக்கிறது, மறுபடி நகர்கிறது, என்னைப் போலவே. லேப்டாப்பில் இடமில்லை என்பதால் மச்சான் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்திருக்கிறான், எதைக் கேட்டாலும் கிளவுடில் போடுங்க மாமா என்பதால் வீட்டில் அவனுக்கு மேகம் என்று பெயர், கூப்பிட்டால் வருவதும் அப்படித்தான். போனிலும் வீட்டு டேப்லெட்டிலும் உள்ளதையெல்லாம் அள்ளி, ஒரே குறிப்பு பல தடவை இருந்தால் இது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும், துளி வித்தியாசம் இருந்தால் மட்டும் கேட்கும், நீங்க சும்மா உக்காந்திருங்க மாமா, அதுதான் உங்களுக்கு நல்லா வருமே என்றான், பெரியவர்களிடம் பேசுகிற பேச்சா… சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் திரைச்சீலை மூச்சு விடுவதுபோல உப்பி அடங்குகிறது, மதிய வெயில் தரையில் ஊர்ந்து நாற்காலிக் காலைத் தொட்டுவிட்டது, குறிப்புகள் மீன் குஞ்சுகளாக ஓடுகின்றன… ‘நீலக் கதவு வீடு, மேல்வரிசை, விசில் சத்தம்’… இது புரிகிறது, அந்த அம்மாளுக்கு நான் செய்த பல்செட் பேசும்போது விசில் அடித்தது, நாய் ஓடி வருகிறது என்று புகார். ‘வெள்ளிக்கிழமை அவரிடம் சொல்ல வேண்டாம்’… எவரிடம், எதை? எதற்கு வம்பு என்று இத்தனை வருடமாக எந்த வெள்ளிக்கிழமையும் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ‘மழை, பாலம், அவள் செருப்பு’… அட, இது… இது நான்கு சொல்தானா, உள்ளே எவ்வளவு பெரிய சாயங்காலம் இருந்தது…

ஓடட்டும், எல்லாம் ஓடட்டும், ஒன்று மட்டும் கண்ணில் படாமல் ஓடிவிட்டால் போதும். அதற்குப் ‘பெயர்கள்’ என்று தலைப்பு. வயிற்றில் பிள்ளை இருந்தபோது நானும் என் மனைவியும் எழுதியது, நான் போனில் ஒரு பெயரைச் சேர்ப்பேன், அவள் டேப்லெட்டில் அதைப் பார்த்துவிட்டு உதட்டைச் சுழிப்பாள், இது என்னை அடிச்ச டீச்சர் பேரு, வேண்டவே வேண்டாம், அது என்னிடம் பல்செட்டைத் திருப்பி வீசிய மனிதர் பெயர், அதுவும் போயிற்று, இப்படியே போனா பிள்ளைய ‘ஏய்’னுதான் கூப்பிடணும் என்று சிரித்தாள்… பிள்ளை வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் வந்தோம். அந்தக் குறிப்பை நான் திறக்கவில்லை, அழிக்கவும் இல்லை, போனுக்குப் போன் அள்ளிக்கொண்டு மட்டும் போனேன், தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றுவதுபோல, எழுந்துவிடக் கூடாதே என்று. அவளிடம் பேச்செடுத்ததில்லை. அவள் மறந்துகொண்டிருக்கிறாள், நாம் கிளறக் கூடாது, சுமக்கிற வேலை நமக்கு என்று ஒரு நினைப்பு, பெரிய தியாகி… இப்போது புதுப் போனுக்கும் அது வர வேண்டுமா? வேண்டியதில் சேர்த்தியா அது?

“ஏங்க, அந்தப் போனுக்கு என்ன பிரசவமா பார்க்கறீங்க, இவ்வளவு நேரமா?”

அடுத்த அறையிலிருந்து அவள்தான், காய்ந்த துணிகளை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் உதறுகிற சத்தம் நின்றுவிட்டது. பதில் சொல்ல வேண்டும், என்னிடம் எப்போதும் ஒரு பதில் கிடக்குமே, சாவு வீட்டில்கூட வாயை அடக்கத் தெரியாமல் அத்தையிடம் திட்டு வாங்கியவன், இப்போது பார்த்து வீங்கிய போனை மேசையில் நேராக நகர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறேன்… பிறகு ஒரு துணி உதறப்பட்டது, மெதுவாக. அந்த நேரம் பார்த்து நீலக் கோடும் நின்றது. ஒரே தலைப்பு, இரண்டு பிரதிகள், எதை வைத்துக்கொள்வது என்று கேட்டது. பெயர்கள்.

இரண்டா? எப்படி இரண்டு? ஒன்று போனில் உள்ளது, தேதி அந்த வருடத்தது. இன்னொன்று டேப்லெட்டிலிருந்து வந்தது, தேதி போன வாரம். போன வாரமா… கடிகாரம் தப்பாக இருக்கும், மேகம் ஏதாவது நோண்டியிருப்பான்… இல்லை, அவன் இந்தப் பக்கமே வரவில்லை, அந்த டேப்லெட்டை அவளைத் தவிர யாரும் தொடுவதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். அதே பெயர்கள், அதே வரிசை, டீச்சர் பெயர்மேல் அவள் போட்ட கோடுகூட அப்படியே. என்ன மாறியிருக்கிறது? கர்சரைக் கடைசி வரைக்கும் நகர்த்தினேன். அவள் பிரதியில் அது கடைசிப் பெயருடன் நிற்காமல் ஒரு படி இறங்கியது. ஒரு வெற்று வரி. திறந்திருக்கிறாள், கடைசிப் பெயருக்குக் கீழே வந்திருக்கிறாள், என்னவோ எழுதப் போய் எழுதாமல் மூடியிருக்கிறாள்… என்ன எழுத வந்தாள்? இன்னொரு பெயரா? யாருக்கு? இதுதான் முதல் தடவையா, இல்லை அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போவாளா…

“எல்லாம் வந்துடுச்சா?” என்றாள்.

“வந்துடுச்சும்மா. ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது. ரெண்டு இருக்காம், எதை வச்சுக்கறதுன்னு கேக்குது.”

அவள் நடந்து வருவாள் என்று நினைத்தேன், வரவில்லை.

“ரெண்டையுமே வச்சுக்குங்க” என்றாள்.

சரி என்றேன், பொத்தானைத் தேடினேன், வெயில் கண்ணில் அடித்தது… எந்தக் குறிப்பு என்று அவள் கேட்கவே இல்லையே.